நடுவில் குழி விழுகிற மெழுகுதிரி

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பத்து மெழுகுதிரி செய்ய ஆசை. எரிந்து மிச்சமான துண்டுகளை உருக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, தையல் நூலைத் திரியாக வைத்தேன். ஆறினதும் நடுவில் குழி விழுந்தது. ஏற்றினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு, உருகின மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோகிறது. தேன்மெழுகு வாங்கிச் செய்தால் சரியாகுமா? செய்ததை எப்படிப் பத்திரப்படுத்துவது?"

தேன்மெழுகு வாங்கிச் செய்தாலும் மூழ்கித்தான் அணையும். கோளாறு உங்கள் நூலில் இருக்கிறது. குழி வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வருத்தப்பட வேண்டாம், நானும் இங்கேதான் தொடங்கினேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் காலையில், கல்லறைகளின் மேல் வழிந்து உறைந்திருக்கும் மெழுகைச் சுரண்டி எடுப்பது பிள்ளைகளின் வேலை. பப்பாளி இலையின் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும் அல்லவா? அதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈர மண்ணில் குத்தி நிறுத்தி, நடுவே அம்மாவின் தையல் நூலைத் தொங்கவிட்டு, பால்மாவு டப்பாவில் உருக்கின மெழுகை ஊற்றுவோம். உறைந்ததும் தண்டை நீளவாக்கில் கீறி உரித்தால் மெழுகுதிரி தயார். பார்க்க அசல் போலவே இருக்கும். ஏற்றினால் தண்டின் பால் ஈரம் படபடவென்று தெறிக்கும், இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிடும். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டா, "திரி குடிச்சாத்தானே மக்களே தீ எரியும், இது குடிக்கல்லியே" என்றார். அவர் தேனீப் பெட்டி வைத்திருந்தவர், மெழுகு அவருக்குப் பழக்கம். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

விஷயம் இதுதான். எரிவது நூலுமில்லை, கட்டி மெழுகுமில்லை. தீயின் சூட்டில் மெழுகு உருகுகிறது, உருகினதைத் திரி உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது, மேலே அது ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. நம்பாவிட்டால் இன்று இரவே செய்து பாருங்கள். நன்றாக எரியும் மெழுகுதிரியை ஊதி அணைத்ததும் வெள்ளைப் புகை ஒன்று நூல்போல எழும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் தொடாமல், அந்தப் புகையில் ஒரு விரற்கடை மேலே காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பிடிக்கும். மைக்கேல் ஃபாரடே லண்டனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக மெழுகுதிரியைப் பற்றி மட்டும் ஆறு சொற்பொழிவு நடத்தினார். இதையும் அங்கே செய்து காட்டினார்.

ஆக, நிமிஷத்துக்கு எவ்வளவு மெழுகு உருகுகிறதோ அவ்வளவையும் திரி குடித்தாக வேண்டும். மெலிந்த திரியால் குடிக்க முடியாது; குளம் பெருகி மூழ்கும். தடித்த திரி அதிகம் குடிக்கும். தீ உயர்ந்து ஆடும், கரி கக்கும், நுனியில் காளான் மாதிரி ஒரு கருப்புக் கட்டி பிடிக்கும். ஏழு சென்டிமீட்டர் அகல டம்ளருக்கு ஒற்றைத் தையல் நூல் என்பது, கிணற்றில் சிரட்டையால் நீர் இறைப்பதுதான். இன்னொன்று, இப்போது கடையில் கிடைக்கிற தையல் நூலில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்தது. நுனியைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும். உருகிச் சுருண்டு கெட்டியான மணி ஒன்று உருண்டால் அது ஆகாது.

விளக்குத் திரியை வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். குத்துவிளக்கில் திரியை அவ்வப்போது நாம் தூண்டிவிடுகிறோம், கருகின நுனியைத் தட்டிவிடுகிறோம். மெழுகுதிரியை யார் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டுவது? முன்காலத்தில் ஐரோப்பாவில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், கருகின நுனியை நறுக்க அதற்கென்றே கத்தரி வைத்திருந்தார்கள். 1825இல் பிரான்சில் காம்பசெரஸ் என்பவர் முறுக்கின திரிக்குப் பதில் பின்னின திரியைக் கொண்டுவந்தார். பின்னின திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி தீயின் வெளி ஓரத்துக்குப் போகிறது. அங்கேதான் சூடும் காற்றும் அதிகம் என்பதால் நுனி தானாகவே சாம்பலாகி உதிர்ந்துவிடும். நல்ல மெழுகுதிரியில் திரியின் தலை சற்றே குனிந்து, நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டு தெரிந்தால் திரி சரியாக வேலை செய்கிறது.

அதனால் பின்னுங்கள். குரோஷா பின்னுவதற்கு விற்கும் வெள்ளைப் பருத்தி நூல் போதும். சடை பின்னுகிற மாதிரி மூன்று புரி. கடையில் விற்கும் மெழுகுதிரி பருமனுள்ள மெலிந்த மெழுகுதிரிக்குப் புரிக்கு ஒரு இழை, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் புரிக்கு இரண்டு இழை, உங்கள் டம்ளருக்குப் புரிக்கு மூன்று. இவை நான் தொடங்குகிற அளவு, கணக்குப் புத்தகம் இல்லை. நூலின் தடிமன் மாறினால் எல்லாம் மாறும். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து, பின்னினதை ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நூலை மெதுவாக எரியவிடும், நுனிச் சாம்பலைக் கட்டியாகச் சேரவிடாது. நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இரண்டு நாள் போதாது. அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போடுங்கள்.

காய்ந்த திரியை உருகின மெழுகில் முக்குங்கள். சின்னச் சின்னக் குமிழி வரும். நூலுக்குள் இருந்த காற்று அது. குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து, விறைப்பாக ஆறவிடுங்கள். இந்த ஒரு வேலையை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஏற்றினவுடன் குடிக்க, திரியின் உள்ளேயே மெழுகு இருக்க வேண்டும். நேராக நிற்கும் விறைப்பும் இதனால்தான் வருகிறது.

இனி மெழுகு. கடையில் பலகையாக விற்பது பாரஃபின், பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைப்பது. அசாமில் திக்பாய், சென்னையில் மணலி ஆலைகளில் எல்லாம் எடுக்கிறார்கள். வாங்கும்போது "58-60" என்று கேளுங்கள். உருகும் வெப்பநிலை, செல்சியஸில். அதற்குக் குறைவானது சித்திரை வெயிலில் வளைந்து தலையைத் தொங்கப் போட்டுவிடும். தொட்டால் கையில் எண்ணெய்ப் பசை ஒட்டுகிற மலிவுச் சரக்கு முழுதாகச் சுத்தம் செய்யாதது. வெயில் காலத்தில் வியர்க்கும், எரியும்போது புகையும். பாரஃபினோடு பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் கெட்டிப்படும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். பெயரில்தான் அமிலம், பார்க்க வெள்ளைச் செதில். சோயா மெழுகைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. குளிர்ச்சியான ஊர்களுக்கு நல்லது. இங்கே மே மாதத்தில் பாத்திரத்துக்குள் ஊற்றினதாக இருந்தால் பிழைக்கும், தனியாக நிற்கும் மெழுகுதிரிக்குச் சரிப்படாது. தேங்காய் எண்ணெய் கலந்து பார்க்கலாமே என்று தோன்றும், நம் பக்கத்தில் தோன்றாமல் இருக்குமா. அது 24 டிகிரியிலேயே இளகிவிடும். விட்டுவிடுங்கள்.

நீங்கள் உருக்கின பழைய துண்டுகளில் தீக்குச்சி முனை, கரித்துகள், பழைய திரி எல்லாம் கிடக்கும். இவை திரியின் சந்துகளில் அடைத்துக்கொண்டால் எந்தத் திரியும் குடிக்காது. உருக்கி, கால் மணி நேரம் அசையாமல் வைத்து, கசடு அடியில் தங்கினதும் மேலாக எடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நிறத்துக்குக் கிரையான் போடாதீர்கள், அதே அடைப்புதான். மெழுகுதிரிக்கென்று விற்கும் சாயம் சிட்டிகை போதும். வாசனை எண்ணெயும் அதற்கென்றே உள்ளதை, நூறு கிராம் மெழுகுக்கு ஐந்தாறு கிராமுக்கு மேல் வேண்டாம்.

உருக்குவது எப்போதும் தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, உள்ளே இருக்கிற மெழுகும் தாண்டாது. நேரடியாக கேஸில் வைத்தால் அது பாட்டுக்கு ஏறி, 200 டிகிரியை ஒட்டும்போது அதன் ஆவி தீப்பற்றத் தயாராக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் மாதிரி கொதித்துக் காட்டி எச்சரிக்கிற பழக்கம் மெழுகுக்குக் கிடையாது. எங்கள் மைனி ஒருமுறை சருவத்தில் மெழுகை நேராக அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் மீன்காரரிடம் பேரம் பேசப் போனார். திரும்பும்போது சருவத்தின் வாயில் தீ. பதறிப்போய்ச் செம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, எரிகிற மெழுகைக் கூரைவரை தூக்கியடித்தது. மைனிக்குப் புருவமும் முன்முடியும்தான் போயின, கர்த்தர் கருணை. சமையலறைச் சுவரில் அந்தக் கருப்பு இரண்டு தடவை வெள்ளையடித்தும் தெரிகிறது. மெழுகு பற்றினால் அடுப்பை அணைத்து, தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். மூடியை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும்.

எவ்வளவு மெழுகு தேவை என்பதற்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 200 மில்லி பிடித்தால் 180 கிராம் மெழுகு. பிறகு டம்ளரை ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் மெலிசு, எரியும்போது விண்டுவிடும். கனமான கண்ணாடியோ எவர்சில்வர் தம்ளரோ எடுங்கள். சிரட்டையில் ஊற்றினால் அழகுதான், நானும் செய்கிறேன். ஆனால் அது விறகு என்பதை மறக்கக்கூடாது. அடியில் ஒரு விரற்கடை மெழுகு இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்.

திரியின் அடியை ஒரு சொட்டு மெழுகால் டம்ளரின் நடுவில் ஒட்டி, மேல்முனையை ஓலை ஈர்க்கில் சுற்றி, ஈர்க்கிலை வாய்மேல் குறுக்கே வையுங்கள். டம்ளரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, மெழுகு 75 டிகிரி வாக்கில் இருக்கும்போது மெதுவாக ஊற்றுங்கள். வெப்பமானி இல்லையென்றால், முழுதும் உருகித் தெளிந்தபின் இறக்கி, ஓரத்தில் ஆடை மாதிரி மங்கல் கட்டத் தொடங்குமுன் ஊற்றலாம்.

உங்கள் குழிக்கு இப்போது வருகிறேன். பாரஃபின் உறையும்போது சுருங்கும். டம்ளரின் ஓரம் முதலில் உறைந்து இறுகிவிடும், நடு கடைசியில். சுருங்குகிற இடமெல்லாம் நடுவில் சேர்ந்து குழியாகிறது, சிலசமயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே பொந்தாகவே நிற்கும். இதைத் தடுக்க முடியாது, நிரப்பத்தான் முடியும். மேலே ஆடை கட்டி, தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கும் பதத்தில், திரியைச் சுற்றிப் பின்னல் ஊசியால் நாலைந்து துளை ஆழமாகக் குத்துங்கள். எடுத்துவைத்த மீதி மெழுகை முதலில் ஊற்றினதைவிடச் சற்று அதிகச் சூட்டில் அந்தத் துளைகளில் விடுங்கள். முதலில் ஊற்றின மட்டத்துக்கு மேலே போகாதீர்கள், ஓரத்தில் கசிந்து தழும்பு விழும். பெரிய டம்ளருக்கு இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். மெழுகு மிச்சமானால் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் உறைந்து பிளம்பருக்குத்தான் வேலை வைக்கும்.

தேன்மெழுகைப் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊரில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து, ரப்பர் தளிர்க்கிற மாதங்களில் இந்த வட்டாரமே தேன்தான். ஆனால் தேன் எடுக்கிற அளவுக்கு மெழுகு கிடைக்காது. இயந்திரத்தில் சுற்றித் தேனை எடுத்துவிட்டு அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தேன் அறைகளின் மேல்மூடியைச் சீவின மெழுகும் பழைய கறுத்த அடைகளும்தான் மிச்சம். அதனால்தான் அந்த விலை. 1991-92இல் தேனீக்களுக்குச் சாக் புரூட் நோய் வந்து புழுக்கள் பெட்டிக்குள்ளேயே செத்து, தென்னாட்டுப் பெட்டிகள் காலியானபோது, பாட்டா தன் பெட்டிகளிலிருந்து வெறும் அடைகளை எல்லாம் பிரித்தெடுத்தார். சாக்குப் பையில் கட்டி, கொதிநீரில் அமுக்கி, கல் வைத்தார். மெழுகு மேலே மிதந்து வந்து காலையில் தோசைக்கல் அகலத்துக்கு மஞ்சள் வட்டமாக உறைந்திருந்தது. நான் பார்த்ததிலேயே அதிக மெழுகு கிடைத்த வருஷம் அதுதான். பாட்டா அதை விற்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க எரித்தோம்.

அந்த முறை இன்றும் சரியே. இரும்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம், மெழுகு கறுக்கும். எவர்சில்வர் நல்லது. தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகும், வெயிலில் வளையாது, நின்று எரியும். ஆனால் உருகினால் பாரஃபினைவிடக் குழகுழப்பு, திரி உறிஞ்சச் சிரமம். ஆகவே அதே டம்ளருக்கு ஒரு படி தடித்த திரி வேண்டும். பாரஃபினுக்குப் பார்த்துவைத்த திரியை அப்படியே போட்டுவிட்டு, "இவ்வளவு காசு கொடுத்தும் அணைகிறதே" என்று புலம்பினவர்களில் நானும் உண்டு. இன்னொரு முறை ஒரு கடையில் கிலோ கணக்கில் வாங்கினது மஞ்சள் சாயம் போட்ட பாரஃபினாக இருந்தது. அசல் தேன்மெழுகை உடைத்தால் முறிவு மணல் மணலாக இருக்கும், கையில் பிசைந்தால் எண்ணெய்ப் பசையில்லாமல் இளகும், லேசாகச் சூடேறினால் தேன் மணக்கும்.

தேன்மெழுகை அச்சில் ஊற்றுவதைவிட முக்கி எடுப்பது சுகம். உயரமான தகர டப்பாவில் 70 டிகிரியில் மெழுகு, ஒரு நீளத் திரியை இரண்டாக மடித்து ஈர்க்கில் தொங்கவிட்டு, முக்கு, எடு, ஆறவிடு, மறுபடி முக்கு. உள்ளே வைத்துத் தாமதித்தால் முன்பு படிந்ததும் கரைந்துபோகும். முப்பது தடவைக்குள் விரல் பருமன் வந்துவிடும். பிள்ளைகள் இருந்தால் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு முக்கு.

எரிக்கும் பழக்கத்துக்கு வருவோம். டம்ளர் மெழுகுதிரியை முதல் தடவை ஏற்றும்போது உருகின குளம் ஓரம்வரை போகும்வரை அணைக்காதீர்கள். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். உங்கள் டம்ளருக்கு மூன்று மணி. பாதியில் அணைத்தால் அடுத்த தடவை அந்த வட்டத்துக்குள்ளேயே உருகி, நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கும். நாலு மணிக்கு மேலும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஏற்றுமுன் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள், நகவெட்டி போதும். சீலிங் ஃபேன் ஓடினால் எந்த நல்ல திரியும் புகைந்து ஒரு பக்கமாக ஒழுகும், அதற்கு மெழுகைத் திட்டிப் பயனில்லை. ஊதி அணைப்பதற்குப் பதில், ஈர்க்கிலால் திரியைக் குளத்துக்குள் அழுத்தி உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையும் நாற்றமும் இல்லை, திரிக்கு மறுபடி மெழுகு பூசினதாகவும் ஆயிற்று.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்றிலிருந்து எங்கள் தெருவில் எட்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் முப்பது மெழுகுதிரி செய்து வைத்திருந்தேன், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பாத்திரங்களெல்லாம் அழுக்காகக் கிடந்ததால் ஒன்றைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒட்டினேன். தூங்கிப்போனேன். ஸ்டூல் உருகி நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. தரையில் விழுந்து அணைந்ததால் இன்று இதை எழுதுகிறேன். தட்டில் மணல் போட்டு அதில் குத்துங்கள், வேறெதிலும் வேண்டாம்.

சேர்த்துவைப்பதற்கு: படுக்கைவசத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில், கட்டிலுக்கடியில். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். ஃபிரிட்ஜின் தலை, ஜன்னல் திண்டு இரண்டும் சூடு. மூடாமல் விட்டால் எலி கடிக்கும், மழைக்காலத்தில் திரி ஈரம் இழுத்துத் தெறிக்கும். தேன்மெழுகின் மேல் சில மாதத்தில் வெள்ளையாக மாவு பூத்தால் பூஞ்சை என்று வீசிவிடாதீர்கள். அது மெழுகின் இயல்பு, மெல்லிய துணியால் துடைத்தால் பளபளப்பு வந்துவிடும். மேசைவிரிப்பில் மெழுகு சிந்தினால் உறையவிட்டுச் சுரண்டி, மேலும் கீழும் வெள்ளைக் காகிதம் வைத்து இஸ்திரி போடுங்கள். டம்ளரில் ஒட்டினதை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் தட்டினவுடன் கழன்று விழும்.

பத்து வேண்டும் என்றீர்கள். டிசம்பர் முதல் வாரமே உட்காருங்கள். முதலில் புரிக்கு இரண்டு, மூன்று, நாலு இழையாக மூன்று திரி பின்னி, ஒரே மெழுகில், ஒரே அளவு டம்ளர் மூன்றில் ஊற்றி, மறுநாள் ஃபேனை நிறுத்திவிட்டு மூன்றையும் ஒன்றாக ஏற்றுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். குளம் ஓரத்தைத் தொட்டு, அரை விரற்கடைக்கு மேல் ஆழமாகாமல், தீ ஆடாமல் நிற்பது எதுவோ, அந்த இழைக் கணக்கில் மீதியைச் செய்யுங்கள். தோற்ற இரண்டையும் உருக்கி வடிகட்டினால் மெழுகு திரும்பக் கிடைத்துவிடும். போவது நூல் மட்டும்தான்.